போருக்கு மட்டும் வில்லங்கம் பார்ப்பதில்லை

காரியாபட்டியில் பத்திரம் எழுதுவது என் பிழைப்பு. இரண்டு சென்ட் இடம் வாங்க வருகிறவர்கூட, "வில்லங்கம் போட்டாச்சா? தாய்ப் பத்திரம் இருக்கா? பட்டா யார் பேர்ல ஓடுது?" என்று கேட்காமல் அட்வான்ஸ் கொடுப்பதில்லை. செக்குபந்தியில் வடக்கே வண்டிப்பாதை என்று எழுதியிருந்தால், நேரில் போய்ப் பாதை இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்துதான் கையெழுத்துப் போடுகிறார்கள். எழுதப் படிக்கத் தெரியாத கிழவிகூட, "தேதிய இன்னொரு தடவ வாசிங்கய்யா" என்கிறாள். இவ்வளவு விவரமான சனம், ஒரு போருக்கு முன்னால் யார் சமாதானம் பேசினார்கள், யார் மறுத்தார்கள் என்ற பேச்சு வந்தால் மட்டும் செல்போனில் வந்த நாலு வரியை அப்படியே நம்பிவிடுகிறது. நம்புவதோடு விட்டாலும் பரவாயில்லை. அதைக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்காரனோடு மல்லுக்கு நிற்கிறது. இதுதான் எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது.

ஆகஸ்ட் 15 வந்தால் தொடங்கும். அக்டோபர் 16, கட்டபொம்மன் நினைவு நாள் வந்தால் உச்சத்துக்குப் போகும். டீக்கடையில் ஒருவர் சொல்வார்: "கம்பெனிக்காரன் எத்தன தடவ சமாதானமா கூப்பிட்டான் தெரியுமா? இவருதான் போகல. வம்ப வெலைக்கு வாங்குனாரு." உடனே எதிர் பெஞ்சிலிருந்து பதில் வரும்: "அண்ணே, கூப்பிட்டவுடனே போய்க் கைகட்டி நிக்க அவரு என்ன சம்பளக்காரரா? ஒரு நாளும் போகல, ஒத்தக் காசு கட்டல. அதான் வீரம்." இரண்டு பேருக்கும் ஆதாரம் ஒன்றுதான். யாரோ எழுதி, யாரோ அனுப்பி, சிவாஜி கணேசன் படத்தை மேலே ஒட்டிக் கைக்கு வந்து சேர்ந்த செய்தி. பேச்சு கொஞ்ச நேரத்தில் சாதிக்குத் தாவிவிடும். அதற்குமேல் யாரும் யாரையும் காது கொடுத்துக் கேட்பதில்லை.

இரண்டு பேர் சொல்வதும் தப்பு. கட்டபொம்மன் போனார். நின்றார். பணமும் கட்டினார். அதற்குத் தேதி இருக்கிறது, விசாரணை இருக்கிறது, விசாரித்தவர்களின் பெயர்கூட இருக்கிறது.

இது எங்களுக்குத் தூரத்துச் சங்கதி இல்லை. காரியாபட்டியில் தூத்துக்குடி பஸ் ஏறினால் அருப்புக்கோட்டை, பந்தல்குடி தாண்டி எட்டயபுரம். அங்கிருந்து கட்டபொம்மனின் பாஞ்சாலங்குறிச்சி எட்டிப் பிடிக்கிற தூரம். 1985-ல் விருதுநகர் மாவட்டம் பிரிகிற வரைக்கும் நாங்கள் ராமநாதபுரம் மாவட்டத்துக்காரர்கள். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராமநாதபுரம் போகிறவர் யாரானாலும் இந்த அருப்புக்கோட்டை, திருச்சுழிச் சீமையை ஒட்டியோ குறுக்கிட்டோதான் போக வேண்டும். அப்படி ஒரு அலைச்சலில்தான் இந்தக் கதையே தொடங்குகிறது.

1798 ஆகஸ்ட் 18 அன்று கிழக்கிந்தியக் கம்பெனியின் கலெக்டர் ஜாக்சன், ராமநாதபுரத்தில் வந்து தன்னைப் பார்க்கும்படி கட்டபொம்மனுக்கு உத்தரவு போடுகிறார். அப்போது கட்ட வேண்டிய வரிப் பாக்கி 3310 பகோடா. பகோடா என்பது அந்தக் காலத்துத் தங்கக் காசு. கட்டபொம்மன் மறுக்கவில்லை. ராமநாதபுரம் போவதற்கு முன்பே குற்றாலத்தில் கலெக்டரைப் பார்க்க முயன்றார். ஜாக்சன் முகம் கொடுக்கவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் முயன்றார். அங்கேயும் அதேதான். கடைசியில் செப்டம்பர் 19 அன்று ராமநாதபுரத்தில் பேட்டி கிடைத்தது. அங்கே அவரை மூன்று மணி நேரம் நிற்க வைத்தார் ஜாக்சன் என்று பள்ளிப் புத்தகமே சொல்கிறது. தன்னைப் பிடித்து வைக்கப் போகிறார்கள் என்று தெரிந்ததும் கட்டபொம்மன் வெளியேறினார். தம்பி ஊமைத்துரை ஆட்களோடு கோட்டைக்குள் புகுந்து அவரை மீட்டார். வாசலில் நடந்த கைகலப்பில் லெப்டினன்ட் கிளார்க் உட்படச் சிலர் செத்தார்கள். அமைச்சர் சிவசுப்பிரமணியனார் பிடிபட்டார்.

ஒரு வெள்ளைக்கார அதிகாரி செத்திருக்கிறான். அமைச்சர் சிறையில் இருக்கிறார். கட்டபொம்மன் ஊருக்குத் திரும்பி என்ன செய்தார்? படை திரட்டிக் கொண்டு ராமநாதபுரம் போகவில்லை. ஜாக்சன் தன்னை நடத்திய விதத்தைப் பற்றிச் சென்னைக் கவுன்சிலுக்கு முறையிட்டார். இந்த ஒரு செய்தியை எந்த மேடையிலும் நான் கேட்டதில்லை. வீரம் பேசுகிறவர்களுக்கு அது இழுக்காகத் தெரிகிறது. கொள்ளைக்காரன் என்று பேசுகிறவர்களுக்கு அது இடைஞ்சலாக இருக்கிறது. ஆக, இரண்டு தரப்பும் சேர்ந்து அந்த முறையீட்டை மறைத்துவிட்டன.

கவுன்சில் அதைத் தள்ளிவிடவில்லை. வில்லியம் பிரௌன், வில்லியம் ஓரம், ஜான் காஸமேஜர் என்று மூன்று பேர் கொண்ட கமிட்டியைப் போட்டது. 1798 டிசம்பர் 15 அன்று கட்டபொம்மன் அந்தக் கமிட்டி முன்னால் ஆஜராகி நடந்ததைச் சொன்னார். அவர்மீது குற்றமில்லை என்று கமிட்டி சொன்னது. சிவசுப்பிரமணியனாரை விடுதலை செய்யக் கவர்னர் எட்வர்டு கிளைவ் உத்தரவிட்டார். ஜாக்சன் பதவி போயிற்று. அந்த இடத்துக்கு லூஷிங்டன் வந்தார். கட்டபொம்மன் பாக்கியில் பெரும்பகுதியைக் கட்டி முடித்தார். மிச்சம் நின்றது 1080 பகோடா.

இதைப் படித்த பிறகு, "கம்பெனி கூப்பிட்டது, இவர் போகவில்லை" என்று எந்த வாயால் சொல்வது? "ஒத்தக் காசு கட்டல" என்றுதான் எப்படிச் சொல்வது?

அப்படியானால் ஒன்பதே மாதத்தில் பீரங்கி எப்படி வந்தது? தேதி பார்க்க வேண்டியது இங்கேதான். கமிட்டி உட்கார்ந்த 1798 கடைசியில் கம்பெனியின் கவனம் முழுக்க மைசூர்மீது இருந்தது. 1799 மே 4 அன்று ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தான் விழுந்தார். அதே மே மாதம் கவர்னர் ஜெனரல் வெல்லெஸ்லி பிரபு, திருச்சி, தஞ்சாவூர், மதுரைப் படைகள் திருநெல்வேலிச் சீமைக்கு நகர வேண்டும் என்று உத்தரவு போட்டார். தலைமை மேஜர் பானர்மேன். திருவிதாங்கூர்ப் படையும் சேர்ந்துகொண்டது. கட்டபொம்மனுக்குச் சரணடையச் சொல்லி இறுதி எச்சரிக்கை போனது செப்டம்பர் 1. படை பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை முன்னால் வந்து நின்றது செப்டம்பர் 5.

கூட்டிப் பாருங்கள். படைக்கு உத்தரவு மே மாதம். எச்சரிக்கை செப்டம்பர் மாதம். பதில் சொல்லக் கிடைத்தது நாலு நாள். கட்டபொம்மன் "மழுப்பலான பதில்" அனுப்பினார், அதனால்தான் தாக்கினோம் என்று கம்பெனி எழுதி வைத்தது. மழுப்பலாகவே இருக்கட்டும். படையை நகர்த்தி முடித்துவிட்டுக் கேட்ட கேள்விக்கு எந்தப் பதில் சரியான பதில்? கிரயத்தை மே மாதமே முடித்துவிட்டு, செப்டம்பரில் வந்து "விற்க சம்மதமா" என்று கேட்டால் எங்கள் ஊரில் ஒருவராவது அதைச் சம்மதம் கேட்டது என்று ஒத்துக்கொள்வார்களா? பத்திர ஆபீஸ் வாசலிலேயே ரகளையாகிவிடும். அதே ஆட்கள் கட்டபொம்மன் விஷயத்தில் மட்டும் தேதியைத் திரும்பிக்கூடப் பார்க்க மறுக்கிறார்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. முற்றுகைக்கு நடுவில் பானர்மேன், ராமலிங்கனார் என்பவரைச் சரணடையச் சொல்லும் செய்தியோடு கோட்டைக்குள் அனுப்பினார். கட்டபொம்மன் மறுத்தார். ஆனால் போனவர் சும்மா திரும்பவில்லை. கோட்டையின் இரகசியங்களையெல்லாம் அறிந்துகொண்டு வந்தார். அவர் சொன்னதை வைத்துத்தான் தாக்குதலுக்குத் திட்டம் வகுத்தார்கள். கணக்கில் இதுவும் ஒரு சமாதானத் தூது. எத்தனை தடவை தூது போனது என்று எண்ணிச் சொல்கிறவர்கள், போனவர் எதற்குப் போனார், எதை எடுத்துக்கொண்டு திரும்பினார் என்றும் சேர்த்துச் சொல்ல வேண்டாமா?

நான் ஒரு பக்கம் சாய்ந்து பேசுவதாக யாரும் நினைக்கக் கூடாது. கம்பெனி பக்கம் சொன்ன குற்றச்சாட்டுகளில் எல்லாமே புளுகு இல்லை. மருது சகோதரர்கள், திண்டுக்கல் கோபால நாயக்கர் ஆகியோர் சேர்ந்து அமைத்த கூட்டணிமேல் கட்டபொம்மனுக்கு நாட்டம் இருந்தது. லூஷிங்டன் அவர் மருதுவைச் சந்திக்க விடாமல் தடுக்கப் பார்த்தார். சிவகிரிப் பாளையத்து உள் விவகாரத்தில் கட்டபொம்மன் தலையிட்டார். கம்பெனி அதைத் தனக்கு விட்ட சவாலாக எடுத்துக்கொண்டது. இதையும் சொல்ல வேண்டும். ஒரு கையால் வரியைக் கட்டிக்கொண்டு மறு கையால் துணை தேடியிருக்கிறார் அவர். பலசாலியான எதிரி தலைமாட்டில் நிற்கும்போது எந்தப் பாளையக்காரரும் செய்யக் கூடியதுதான். இதைச் சொன்னால் அவர் வீரம் குறைந்துவிடும் என்று பயப்படுகிறவர்கள்தான் அவரை உண்மையில் சிறுமைப்படுத்துகிறார்கள். போரைத் தவிர்க்க வழி இருக்கும் வரைக்கும் அதைத் தேடி, வழி அடைபட்ட பிறகு நின்று போரிட்டு, 1799 அக்டோபரில் கயத்தாற்றில் தூக்கில் ஏறிய மனிதர் அவர். வெறும் வசனம் பேசுகிறவரைவிட அவர் எவ்வளவோ பெரியவர்.

"இதெல்லாம் வெள்ளைக்காரன் எழுதி வச்ச காகிதம் தானே, அத எப்படி நம்புறது?" என்று ஒரு கேள்வி வரும். நல்ல கேள்வி. ஆனால் அது கேள்வியோடு நின்றுவிடுகிறது. எதிராளி கையில் இருக்கிற ஆவணத்தில் எதிராளிக்கே பாதகமாக ஒரு வரி இருந்தால், அதற்குத்தான் எடை அதிகம். இது கோர்ட்டு வாசலில் நின்ற எல்லாருக்கும் தெரியும். ஜாக்சன் நடந்துகொண்டது தவறு என்று கம்பெனியின் சொந்தக் கமிட்டி சொல்கிறது. படை கிளம்பிய மாதத்தைக் கம்பெனியின் சொந்த உத்தரவு சொல்கிறது. மறுபக்கம் பார்க்க வேண்டுமென்றால் நம் சனங்கள் பாடிய கதைப்பாடல் இருக்கிறது. நா. வானமாமலை அதைப் பதிப்பித்துக் கொடுத்திருக்கிறார். கால்டுவெல் 1881-ல் எழுதிய திருநெல்வேலிச் சரித்திரம் இருக்கிறது. ம.பொ.சி. எழுதியது இருக்கிறது. அந்தச் சரித்திரத்தைத் தோண்டித் துருவிய கே. ராஜய்யன் நூல்கள் இருக்கின்றன. ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்த்தால் எங்கே ஒத்துப் போகிறது, எங்கே முரண்படுகிறது என்று தெரிந்துவிடும். அந்த வேலையைச் செய்யத்தான் ஆள் இல்லை.

பள்ளிக்கூடத்துப் பேச்சுப் போட்டிகளில் நான் பார்ப்பது இன்னும் வேதனை. ஒட்டு மீசை, அட்டைக் கிரீடம், கையில் தகர வாள். பிள்ளை மேடையேறி 1959-ல் வந்த படத்தின் ஜாக்சன் சந்திப்பு வசனத்தை மூச்சு விடாமல் ஒப்பிக்கிறது. படத்தைக் குறை சொல்லவில்லை. அந்தப் படம் இந்தச் சீமைக்கே ஒரு தைரியத்தைக் கொடுத்தது. ஆனால் சினிமா வசனத்துக்கு முதல் பரிசு கொடுத்து, அதுதான் சரித்திரம் என்று பிள்ளையின் மண்டையில் ஏற்றி அனுப்புகிறோம். "அந்தச் சந்திப்பு முடிஞ்சு என்ன ஆச்சுப்பா?" என்று பரிசு வாங்கிய ஒரு பையனைக் கேட்டேன். "சண்ட வந்துச்சு சார்" என்றான். முறையீடும் கமிட்டியும் தீர்ப்பும் அவனுக்குத் தெரியாது. அவன் பாடப் புத்தகத்தில் இத்தனையும் அச்சாகியிருக்கிறது. மேடைக்குத் தயார் செய்த பெரியவர்கள் அந்தப் பக்கத்தைத் திறக்கவில்லை. குற்றம் பையன்மேல் இல்லை.

இந்தப் பழக்கம் எங்கே கொண்டுபோய் விடுகிறது என்று கேளுங்கள். பட்டா நகல் எடுக்க வந்த ஒரு தம்பி, படித்த பிள்ளை, என்னிடம் செல்போனை நீட்டினான். "சார், ஹிட்லரு போலந்துக்கிட்ட சமாதானம்தான் பேசுனாரு. 16 அம்சத் திட்டம் குடுத்தாரு. போலந்து முடியாதுன்னுச்சு. இத யாருமே சொல்றதில்ல பாருங்க" என்றான். குரலில் ஏதோ மறைத்த உண்மையைக் கண்டுபிடித்துவிட்ட பெருமை.

"தம்பி, தேதி பாத்தியா?" என்று கேட்டேன். பார்க்கவில்லை.

போலந்தின்மேல் 1939 ஆகஸ்ட் 26 அன்றே பாய்வதாக ஹிட்லர் நாள் குறித்திருந்தார். 25-ஆம் தேதி அதைத் தள்ளிப் போட்டார். 29-ஆம் தேதி, முழு அதிகாரத்தோடு ஒரு போலந்துத் தூதர் மறுநாளே பெர்லினில் வந்து நிற்க வேண்டும் என்றார். 30-ஆம் தேதி நள்ளிரவில் ஜெர்மன் வெளியுறவு அமைச்சர் ரிப்பன்ட்ராப் அந்த 16 அம்சங்களை பிரிட்டிஷ் தூதர் ஹெண்டர்சனிடம் வேகமாக வாசித்துக் காட்டினார். காகிதத்தைக் கையில் கொடுங்கள் என்று கேட்டபோது கொடுக்க மறுத்தார். 31-ஆம் தேதி தாக்குதல் உத்தரவில் ஹிட்லர் கையெழுத்துப் போட்டார். அன்று இரவு அந்தத் திட்டத்தை வானொலியில் வாசித்து, போலந்து மறுத்துவிட்டது என்று உலகத்துக்கு அறிவித்தார்கள். செப்டம்பர் 1 விடிவதற்குள் குண்டு விழுந்தது. போலந்து அரசின் கையில் முறையாகக் கொடுக்கவே இல்லாத திட்டத்தை அது மறுத்தது என்று சொல்லித்தான் போரைத் தொடங்கினார்கள். அதை எண்பது வருஷம் கழித்துக் காரியாபட்டியில் ஒரு நல்ல பிள்ளை நம்புகிறான். அவன் யாருக்கும் கெடுதல் நினைக்காதவன். தேதி கேட்கச் சொல்லி அவனுக்கு ஒருவரும் பழக்கவில்லை.

ஆவணம் என்று நீட்டுவதை எல்லாம் கண்ணை மூடிக்கொண்டு வாங்கிவிடவும் முடியாது. 1914-ல் முதல் உலகப் போர் மூண்டதும் ஜெர்மனி, பிரிட்டன், ரஷ்யா, பிரான்ஸ் எல்லாம் ஆளுக்கொரு நிறத்தில் அட்டை போட்டுப் புத்தகம் அச்சிட்டன. சமாதானத்துக்காக நாங்கள் பாடுபட்டதற்கு இதோ சான்று என்று தந்திகளையும் கடிதங்களையும் வெளியிட்டன. வேண்டாததை விட்டும், வேண்டியதைத் திருத்தியும் போட்டவை பல. பிற்பாடு முழுக் கோப்புகளும் வெளிவந்த பிறகுதான் அது தெரிந்தது. ஒரே ஒரு பக்கத்தை மட்டும் ஜெராக்ஸ் எடுத்துக் காட்டுகிறவரை யாரும் நம்பக் கூடாது.

நமக்கு நெஞ்சுக்கு நெருக்கமான இலங்கை விஷயத்திலும் இதே கூச்சல்தான். 2002 பிப்ரவரி 22 அன்று நார்வே நடுவில் நின்று போட்ட போர் நிறுத்தம். 2006-ல் ஜெனீவாவில் இரண்டு தடவை பேச்சு. 2008 ஜனவரியில் அரசு அந்த ஒப்பந்தத்திலிருந்து முறைப்படி விலகியது. யார் பேச வந்தார்கள், யார் முறித்தார்கள் என்று இங்கே ஆளுக்கொரு முடிவு. முகாமில் இருக்கிற சனங்களை நம் மாவட்டத்திலேயே பார்க்கிறோம். அந்தப் பேச்சுகள் நின்றிருந்தால் எத்தனையோ உயிர் நின்றிருக்கும். அவ்வளவு பெரிய துயரத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள், ஒவ்வொரு மாதமும் என்ன நடந்தது என்று வரிசையாக எடுத்து வைத்துப் பேசினால் என்ன? செத்தவர்களுக்கு நாம் செய்ய வேண்டிய குறைந்தபட்ச மரியாதை அல்லவா அது?

பாரதக் கதை கேட்டு வளர்ந்தவர்கள் நாம். கிருஷ்ணன் தூது போனான் என்று மட்டுமா நமக்குச் சொன்னார்கள்? நாடு கேட்டான், இல்லையென்றால் ஐந்து ஊர் கேட்டான், அதுவும் இல்லையென்றால் ஐந்து வீடு கேட்டான். எந்தச் சபையில் கேட்டான், யார் யார் இருந்தார்கள், துரியோதனன் என்ன பதில் சொன்னான், தூதனையே கட்டிப் போடப் பார்த்தான் என்பது வரைக்கும் சொல்லிக் கொடுத்தார்கள். என்ன கேட்டார்கள், என்ன பதில் வந்தது என்று தெரியாமல் போருக்குப் பழி யார் தலையில் என்று சொல்லக் கூடாது என்பது நம் பாட்டிமார்களுக்கே தெரிந்திருந்தது.

எனக்கு இன்னொரு ஆதங்கமும் உண்டு. கம்பெனி காலத்துக் கோப்புகள் சென்னை எழும்பூரில், தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. இருப்பது ஆங்கிலத்தில், பழைய காலத்துக் கையெழுத்தில். காரியாபட்டியிலோ திருச்சுழியிலோ இருக்கிற ஒரு கல்லூரிப் பிள்ளை ஆசைப்பட்டால்கூட எட்டாது. 1798 கமிட்டி விசாரணையையும், கட்டபொம்மன் முறையீட்டையும், பானர்மேன் கடிதங்களையும் நல்ல தமிழில் பெயர்த்து, ஒரு சின்னப் புத்தகமாகப் போட்டு, தென்மாவட்டத்து நூலகம் ஒவ்வொன்றிலும் வைத்தால் என்ன செலவாகிவிடும்? சிலைக்கும் மணிமண்டபத்துக்கும் ஆகிற செலவில் ஒரு துளி போதும். சிலை வேண்டாம் என்று சொல்லவில்லை. சிலைக்குக் கீழே அவர் கேட்டதும் அவருக்குக் கிடைத்த பதிலும் படிக்கக் கிடைக்க வேண்டும் என்கிறேன்.

அதுவரைக்கும் ஊர்க்காரர்களிடம் நான் கேட்பது இவ்வளவுதான். "நாங்க சமாதானமாத்தான் கூப்பிட்டோம், அவன்தான் வரல" என்று யார் சொன்னாலும், நம்மவரே சொன்னாலும், நாலு கேள்வி கேளுங்கள். எந்தத் தேதியில் கூப்பிட்டார்கள்? அந்தத் தேதியில் படை எங்கே நின்றது? கேட்டதைக் காகிதத்தில் கொடுத்தார்களா, பதிலுக்கு எத்தனை நாள் கொடுத்தார்கள்? வந்த பதில் முழுசாக இருக்கிறதா, நறுக்கின துண்டா? இந்த நாலுக்கும் பதில் தெரியாத செய்தியை அடுத்தவருக்கு அனுப்பாதீர்கள். பிள்ளைகளை அதை வைத்து மேடையேற்றாதீர்கள். உலகத்தில் இன்றைக்கும் எங்காவது ஒரு படை கிளம்பிக்கொண்டுதான் இருக்கிறது. கிளம்புகிற ஒவ்வொரு படைக்கும் முன்னால், நாங்கள் கடைசி வரைக்கும் சமாதானம்தான் பேசினோம் என்ற அறிக்கை வந்துகொண்டுதான் இருக்கிறது. இரண்டு சென்ட் இடத்துக்குக் காட்டுகிற எச்சரிக்கையை அந்த அறிக்கைக்கும் காட்டுங்கள். அங்கே போவது மனித உயிர்.